காலியர் ஹைட்ஸ்: அடைத்த ஊருக்குள் கட்டிய வீடுகள்

அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில், மேற்குப் பக்கமாக, காலியர் ஹைட்ஸ் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. மரம் அடர்ந்த, மேடும் பள்ளமுமான தெருக்கள். தாழ்வாக, அகலமாகப் பரந்து கிடக்கும் செங்கல் வீடுகள். முன்னால் புல்தரை, பக்கவாட்டில் கார் நிறுத்த ஒரு கூரை. 1950களிலும் 60களிலும் அந்த நாடு முழுக்க நடுத்தரக் குடும்பங்கள் கட்டிக்கொண்ட வீடுகள் இந்தச் சாயலில்தான் இருக்கும். தெருவில் நின்று பார்ப்பவருக்கு இதில் எந்த விசேஷமும் தெரியாது.

வீட்டுக்குள் போய்ப் படியிறங்கி நிலவறையைப் பார்த்தால்தான் தெரியும். பல வீடுகளில் அங்கே பானம் பரிமாற ஒரு மேடை, ஆடுவதற்கு வழவழப்பான தரை, ஒரு கூட்டமே வந்து உட்காரும் அளவுக்கு இடம். வீட்டுக்குள்ளே ஒரு சின்ன விருந்து மண்டபம்! ஆடம்பரத்துக்காகக் கட்டியது என்று முதலில் தோன்றலாம். அப்படி இல்லை. இந்த வீடுகளைக் கட்டிய மருத்துவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணிகர்களுக்கும் அட்லாண்டாவின் நல்ல ஓட்டல்களில் அறை கிடையாது. மண்டபங்களில் இடம் கிடையாது, உணவகங்களில் மேசை கிடையாது. மகளுக்குக் கல்யாண வரவேற்பு வைக்க வேண்டும், நண்பர்களோடு ஒரு சாயங்காலம் ஆடிப் பாட வேண்டும் என்றால் அதற்கும் சொந்த வீட்டுக்குள்ளேதான் இடம் பார்க்க வேண்டும். காரணம், அவர்கள் கறுப்பினத்தவர்கள்.

இனப் பாகுபாடு சட்டமாக இருந்த காலத்தில் கறுப்பினத்தவர் சொந்த வீடு வாங்குவதற்கென்றே அமெரிக்காவின் பல ஊர்களில் இப்படிக் குடியிருப்புகள் உருவாயின. தடையின் விளைவும் அவைதான், அந்தத் தடைக்கு அந்த மக்கள் கொடுத்த பதிலும் அவைதான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் காலியர் ஹைட்ஸ் புரியாது. முதலில் தடை எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம்.

ஒரு நகரத்தை எப்படிப் பிரித்தார்கள்?

இனப் பாகுபாடு என்றதும் நம் நினைவுக்கு வருவது தனித்தனிக் குடிநீர்க் குழாய்களும், பேருந்தில் தனி இருக்கைகளும், ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்ற பலகைகளும். இவற்றைப் படத்தில் பார்த்திருக்கிறோம். குடியிருப்பைப் பிரித்த வேலையோ பெரும்பாலும் காகிதத்தில் நடந்தது. அதனால் அதைப் படம் பிடிப்பது கடினம். பலகையை ஒரே நாளில் கழற்றிவிடலாம். காகிதத்தில் செய்த பிரிவினை அத்தனை சுலபத்தில் போகவில்லை.

முதல் முயற்சி நேரடிச் சட்டம். எந்தத் தெருவில் எந்த இனத்தார் குடியிருக்கலாம் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல தென் மாநில நகரங்கள் விதி போட்டன. அட்லாண்டா 1913இல் போட்டது. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்தில் இதே போன்ற ஒரு சட்டத்தை எதிர்த்து வழக்கு நடந்து, 1917இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட சட்டங்கள் செல்லாது என்றது. மனிதர் எல்லாரும் சமம் என்பதைவிட, தன் சொத்தைத் தான் விரும்பியவருக்கு விற்கும் உரிமையை நகராட்சி பறிக்கக் கூடாது என்பதே அந்தத் தீர்ப்புக்குப் பெரிய காரணம். அட்லாண்டா விடவில்லை. 1922இல் நகரத் திட்ட வரைபடம் ஒன்றைத் தயாரித்து, இது வெள்ளையர் பகுதி, இது கறுப்பினத்தவர் பகுதி என்று நிலத்தையே பிரித்தது. 1924இல் ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றம் அதையும் செல்லாது என்றது.

சட்டம் தோற்ற இடத்தில் பத்திரம் வந்தது. புதிதாக மனை பிரித்து விற்பவர்கள் கிரயப் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை எழுதிவிடுவார்கள்: இந்தச் சொத்தை வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. வீட்டு வேலை செய்பவர் மட்டும் தங்கலாம் என்ற விலக்கும் பல பத்திரங்களில் உண்டு. வாங்குபவர், அவரிடமிருந்து வாங்குபவர், அதற்கும் அடுத்தவர் என்று எல்லாரையும் அந்த ஒரு வரி கட்டிப்போடும். மீறி விற்றால் அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டு, குடிவந்த குடும்பத்தை வெளியேற்றலாம். அரசாங்கம் நேரடியாக எதுவும் செய்யவில்லை, தனி மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம்தானே என்பது அன்றைய வாதம்.

செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் 1945இல் ஒரு வீடு வாங்கியது. பத்திரத்தில் அந்த நிபந்தனை இருந்ததால் அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1948இல் தீர்ப்பு ஷெல்லி குடும்பத்துக்குச் சாதகமாக வந்தது. அந்த வழக்கை விசாரிக்காமல் 3 நீதிபதிகள் விலகிக்கொண்டார்கள். அவர்களுடைய வீட்டுப் பத்திரங்களிலேயே இப்படி ஒரு வரி இருந்ததுதான் காரணம் என்று பரவலாகச் சொல்வார்கள். தீர்ப்பு சொன்னதைக் கவனித்துப் படிக்க வேண்டும். இப்படி எழுதுவதே குற்றம் என்று அது சொல்லவில்லை. அந்த நிபந்தனையை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது என்று மட்டுமே சொன்னது. எழுதுபவர்கள் எழுதிக்கொண்டேதான் இருந்தார்கள்.

ஜாமீன் நின்ற அரசு, நிற்காத அரசு

மூன்றாவது பூட்டு பணம். மூன்றிலும் இதுதான் பலமானது என்பது என் எண்ணம். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

1930களுக்கு முன் அமெரிக்காவில் வீட்டுக்கடன் வாங்குவது சாமானியர் காரியம் இல்லை. பாதி விலையைக் கையில் வைத்திருக்க வேண்டும். மீதிப் பாதிக்குக் கிடைக்கும் கடனும் 5 ஆண்டு போலக் குறுகிய கெடுவுக்குத்தான். அதுவரை வட்டி கட்டிவந்து, கெடு முடியும்போது அசலை மொத்தமாக அடைக்க வேண்டும், அல்லது புதுக்கடன் வாங்க வேண்டும். 1929இல் பொருளாதாரம் சரிந்தபோது புதுக்கடன் கிடைக்கவில்லை. வீடுகள் கூட்டம் கூட்டமாக ஏலத்துக்குப் போயின.

அதைத் தடுக்க அரசு 1933இல் வீட்டு உரிமையாளர் கடன் கழகம் என்ற அமைப்பைத் தொடங்கியது. அது ஏறக்குறைய 10 லட்சம் வீடுகளின் கடனை நீண்ட காலத் தவணையாக மாற்றிக் கொடுத்தது. பிறகு 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டு, எந்தப் பகுதியில் கடன் கொடுத்தால் ஆபத்து அதிகம் என்று நிறம் தீட்டியது. பச்சை சிறந்தது, அடுத்து நீலம், அதற்குக் கீழே மஞ்சள், கடைசியில் சிவப்பு. கறுப்பினத்தவர் வாழும் பகுதி, அங்கே இருப்பவர்கள் எவ்வளவு சம்பாதித்தாலும், அநேகமாகச் சிவப்பில்தான் விழும். ஒருவர் வாழும் பகுதியைக் காட்டியே கடன் மறுப்பதை ‘ரெட்லைனிங்’ என்பார்கள். அந்தச் சொல் இந்தச் சிவப்பை நினைவுபடுத்துவது.

அந்த வரைபடங்களே எல்லாவற்றுக்கும் காரணமா என்பதில் இன்று வரலாற்றாளர்களிடையே வாதம் நடக்கிறது. அந்தக் கழகம் கறுப்பினத்தவருக்கும் கடன் கொடுத்திருக்கிறது, வரைபடம் போடும் முன்பே தன் கடன்களில் பெரும்பகுதியைக் கொடுத்து முடித்துவிட்டது என்கிறார்கள். அது நியாயமான வாதம். அப்படிப் பார்த்தால், கூடுதல் கெடுதல் செய்தது 1934இல் வந்த மத்திய வீட்டுவசதி நிர்வாகம்தான். இந்த நிர்வாகம் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை. வங்கி கொடுக்கும் கடனுக்கு ஜாமீன் நின்றது. வாங்கியவர் கட்டாவிட்டால் நஷ்டத்தை நான் ஏற்கிறேன் என்று அரசே சொல்லும்போது வங்கிக்கு என்ன பயம்? முன்பணம் 20 சதவீதமாகவும் அதற்குக் கீழும் இறங்கியது. கெடு 20 ஆண்டு, பிறகு அதற்கும் மேலாக நீண்டது. வாடகை கட்டும் காசில் வீடு சொந்தமாகும் காலம் பிறந்தது. அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் சொத்து என்பதே பெரும்பாலும் இந்த ஜாமீனின் மேல் எழுந்ததுதான்.

யாருக்கு ஜாமீன், யாருக்குக் கிடையாது என்று முடிவு செய்ய அந்த நிர்வாகத்திடம் ஒரு கையேடு இருந்தது. ஒரு பகுதியில் பொருந்தாத இனத்தார் கலந்தால் சொத்தின் மதிப்பு விழும் என்று அது மதிப்பீட்டாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. பத்திரத்தில் இன நிபந்தனை எழுதிவைப்பதை நல்ல பாதுகாப்பு என்று பரிந்துரைத்தது. 1934 முதல் 1962 வரை இந்த ஜாமீனோடு போன கடன்களில் வெள்ளையர் அல்லாதவருக்குக் கிடைத்தது 100க்கு 2க்கும் குறைவு என்பது பலரும் எடுத்துக்காட்டும் கணக்கு.

போருக்குப் போய்த் திரும்பிய வீரர்களுக்காக 1944இல் வந்த சட்டமும் வேறு மாதிரி இல்லை. மிசிசிப்பி மாநிலத்தில் 1947இல் முன்னாள் படைவீரர்களின் வீடு, தொழில், பண்ணைக் கடன்கள் 3,229க்கு அரசு ஜாமீன் நின்றது. அதில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை 2. ஒரே சீருடையில் ஒரே போரில் நின்றவர்கள்தான். இந்த எண்ணை முதலில் படித்தபோது அச்சுப் பிழையோ என்று நான் திரும்பவும் பார்த்தேன்.

டெட்ராய்ட் நகரத்தில் நடந்தது இன்னும் கண்கூடானது. கறுப்பினத்தவர் பகுதியை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்ட வந்த ஒரு நிறுவனத்துக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. நடுவில் சுவர் எழுப்புகிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் கிடைத்தது. 1941இல் கட்டிய அந்தச் சுவர் 6 அடி உயரம், அரை மைல் நீளம். இன்றும் நிற்கிறது.

இதிலிருந்து ஒரு சங்கடமான வழியும் திறந்தது. 1940களின் பிற்பகுதியில் வீட்டுவசதி நிர்வாகம், கறுப்பினத்தவருக்கென்றே தனியாக ஒரு குடியிருப்பு கட்டினால் அதற்கு ஜாமீன் தரத் தயாராக இருந்தது. கலந்து வாழ்ந்தால் இல்லை, பிரிந்து வாழ்ந்தால் உண்டு! பாகுபாட்டுக் காலத்தில் கறுப்பினத்தவருக்கென்று எழுந்த பல குடியிருப்புகளின் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

ஜாமீன் இல்லாதவர் கதி என்ன? சிகாகோ போன்ற ஊர்களில் தவணை ஒப்பந்தம் என்ற பேரில் வீடு விற்றார்கள். சந்தை விலையைவிடப் பல மடங்கு விலை. மாதா மாதம் கட்டலாம், ஆனால் கடைசித் தவணை வரை பத்திரம் விற்றவர் கையில். ஒரு மாதம் தவறினால் வீடும் போகும், அதுவரை கட்டிய பணமும் போகும்.

அட்லாண்டாவில் யார் கையில் பணம் இருந்தது?

மற்ற ஊர்களிலும் இதே மூன்று பூட்டுகள் இருந்தன. காலியர் ஹைட்ஸ் போன்ற ஒன்று அட்லாண்டாவில் எழுந்ததற்குக் காரணம் அங்கே கறுப்பினத்தவரிடம் இருந்த நிறுவனங்கள்.

அலோன்சோ ஹெர்ன்டன் 1858இல் அடிமையாகப் பிறந்தவர். முடிதிருத்தும் தொழிலில் முன்னேறி, 1905இல் ஒரு காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் அட்லாண்டா லைஃப். ஹெமன் பெர்ரி என்ற இன்னொருவர் 1921இல் சிட்டிசன்ஸ் டிரஸ்ட் வங்கியைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். பெர்ரி மேற்கு அட்லாண்டாவில் நிலம் வாங்கிக் கறுப்பினத்தவருக்கு வீடு கட்டி விற்றார். நகரத்தின் முதல் கறுப்பின அரசு உயர்நிலைப் பள்ளிக்கு நிலமும் அவரிடமிருந்தே போனது. 1924இல் திறந்த புக்கர் டி. வாஷிங்டன் பள்ளி அது. மார்ட்டின் லூதர் கிங் பின்னாளில் படித்த பள்ளி. அடுத்த ஆண்டே பெர்ரியின் தொழில்கள் சரிந்தன, அவர் எல்லாவற்றையும் இழந்தார். ஆனால் வங்கி பிழைத்தது. மேற்கே போகலாம் என்று அவர் காட்டிய திசையும் அழியவில்லை. 1925இல் மியூச்சுவல் ஃபெடரல் என்ற சேமிப்புக் கடன் சங்கமும் சேர்ந்துகொண்டது.

ஆக, வெள்ளையர் வங்கி கதவைச் சாத்தினாலும் தட்டுவதற்கு இன்னொரு கதவு இருந்தது. முடிதிருத்துபவரும் சலவை செய்பவரும் வாராவாரம் காப்பீட்டுக்குக் கட்டிய சில்லறைக் காசு ஒன்றுசேர்ந்து, ஒரு தலைமுறை கழித்து வேறொருவருக்கு வீட்டுக்கடனாக வெளியே வந்தது. இந்தக் கதையில் என் மனம் அதிகம் நிற்பது இந்த இடத்தில்தான்.

பணத்தோடு வாக்கும் சேர்ந்தது. ஜார்ஜியாவில் வெள்ளையர் மட்டுமே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை 1946இல் நீதிமன்றத்தால் ஒழிந்தது. அந்த ஆண்டு அட்லாண்டாவில் வீடு வீடாகப் போய் வாக்காளர் பதிவு நடத்தினார்கள். ஏறக்குறைய 7,000 ஆக இருந்த கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை சில வாரங்களில் 21,000ஐத் தாண்டியது. மேயர் வில்லியம் ஹார்ட்ஸ்ஃபீல்டு இனி இவர்களைப் புறக்கணித்துவிட்டுத் தேர்தலில் ஜெயிக்க முடியாது.

நிலைமையோ நெருக்கடியாக இருந்தது. 1950களின் இறுதியிலும்கூட நகர மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பினத்தவர், அவர்கள் வாழ்ந்ததோ ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நிலத்தில். இடமில்லாமல் யாராவது எல்லைத் தெருவைத் தாண்டி ஒரு வீடு வாங்கினால் கல் வரும், மிரட்டல் வரும், வெடிகுண்டும் வரும். 1946இல் கொலம்பியன்ஸ் என்ற நாஜிக் கொள்கைக் கும்பல் அப்படிப்பட்ட தெருக்களில் ரோந்தே சுற்றியது.

இந்த நேரத்தில் அட்லாண்டா நகர்ப்புற லீக் என்ற அமைப்பில் இருந்த கிரேஸ் டவுன்ஸ் ஹாமில்டன், ராபர்ட் தாம்ப்சன் போன்றவர்களும், கறுப்பின வங்கியாளர்களும், மனை வணிகர்களும், கட்டடக்காரர்களும் கூடி உட்கார்ந்தார்கள். எங்கே நிலம் இருக்கிறது, எந்தப் பக்கம் விரிந்தால் ரத்தம் சிந்தாமல் விரியலாம் என்று விரிவாக்கப் பகுதிகளைக் குறித்தார்கள். இதற்கு அவர்கள் ஒரு விலை கொடுத்தார்கள். எங்களுக்கென்று பகுதி ஒதுக்குங்கள் என்று கேட்பது, பிரிவினையை ஒப்புக்கொள்வது போலத்தானே? அன்றே இதைக் கேட்டவர்கள் உண்டு. குழந்தை குட்டியோடு ஓட்டை வீட்டில் இருப்பவரிடம், நீதி வரும்வரை பொறு என்று சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

தாண்டிப் போய் வாங்கிய நிலம்

அதுவரை நடந்த வழக்கம், பக்கத்துத் தெரு, அதற்கடுத்த தெரு என்று அங்குலம் அங்குலமாக நகர்வது. ஒவ்வொரு அங்குலத்துக்கும் சண்டை. 1950களின் தொடக்கத்தில் கறுப்பின முதலீட்டாளர்கள் சேர்ந்து வேறொரு யுக்தி செய்தார்கள். நடுவில் இருந்த வெள்ளையர் குடியிருப்புகளை அப்படியே விட்டுவிட்டு, அவற்றுக்கு அப்பால் மேற்கே கிடந்த வெற்று நிலத்தைப் பெரிய அளவில் வாங்கினார்கள். காலியர் ஹைட்ஸ் என்ற பெயர் முதலில் அங்கிருந்த சிறிய வெள்ளையர் குடியிருப்பின் பெயர். சுற்றியிருந்த நிலம் கைமாறியதும், 1954இல் அங்கிருந்தவர்கள் கலந்து பேசி, கறுப்பினத்தவருக்கே வீடுகளை விற்றுவிட்டு வெளியேற முடிவெடுத்தார்கள். பழைய பெயர் புதுக் குடியிருப்புக்கு நிலைத்தது.

அதன்பிறகு எழுந்தவைதான் அந்தச் செங்கல் வீடுகள். மனை பிரித்தவரும், கடன் கொடுத்தவரும், கட்டியவரும், குடிவந்தவரும் பெரும்பாலும் கறுப்பினத்தவரே. இதுதான் காலியர் ஹைட்ஸின் தனித்தன்மை. மனைப்பிரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து 1,700க்கும் மேற்பட்ட வீடுகள் ஆயின.

அங்கே குடியிருந்தவர்களில் ஹெர்மன் ரஸ்ஸலைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. பூச்சு வேலை செய்யும் கொத்தனாரின் மகன். தந்தையிடம் தொழில் கற்றார். 16 வயதில் 125 டாலருக்கு ஒரு காலி மனை வாங்கி, நண்பர்களோடு சேர்ந்து அதில் இரட்டை வீடு கட்டி, அதன் வருமானத்தில் கல்லூரி படித்தார். பின்னாளில் நாட்டின் மிகப் பெரிய கறுப்பினக் கட்டுமான நிறுவனங்களில் ஒன்று அவருடையது. காலியர் ஹைட்ஸில் அவர் கட்டிய வீட்டுக்குள் ஒரு நீச்சல் குளம் உண்டு. நகரத்தின் நல்ல நீச்சல் குளங்கள் யாருக்கு மூடியிருந்தன என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் குளமும் அந்த நிலவறை நடனக்கூடத்தைப் போன்றதுதான்.

மார்ட்டின் லூதர் கிங்கின் தந்தை மூத்த கிங் அங்கே குடிவந்தார். கிங்கின் நெருங்கிய தோழர் ரால்ஃப் அபர்நாதி இருந்தார். 1960இல் கிங்கைச் சிறையிலிருந்து மீட்கப் போராடியவரும், 1961இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கதவைக் கறுப்பின மாணவர்களுக்குத் திறந்த வழக்கை நடத்தியவருமான வழக்கறிஞர் டொனால்ட் ஹாலோவெல் இருந்தார். அறுவை மருத்துவர் ஏசா யான்சி இருந்தார். பக்கத்து வீட்டில் பள்ளி ஆசிரியரும் தபால்காரரும் இருந்தார்கள். பணம் படைத்தவர் மட்டும் வாழ்ந்த இடம் என்று இதை நினைத்துவிடக் கூடாது. மற்ற இடமெல்லாம் மூடியிருந்ததால் பல தரத்தாரும் ஒரே தெருவில் இருக்க நேர்ந்தது.

பெய்ட்டன் ரோட்டில் ஒரு தடுப்பு

இத்தனை நடந்த பிறகு எல்லைகள் மறைந்துவிட்டனவா என்றால், இல்லை. அட்லாண்டாவில் சில நீண்ட சாலைகள் பான்ஸ் டி லியான் அவென்யூவைத் தாண்டியதும் பெயர் மாறும். வடக்கே மன்ரோ டிரைவ், தெற்கே பூலவார்டு. வடக்கே பிரையர்கிளிஃப், தெற்கே மோர்லண்ட். சாலை ஒன்றுதான். முகவரியைச் சொன்னதும் இன்ன இனம் என்று தெரிந்துவிடக் கூடாது என்று வெள்ளையர் தங்கள் பக்கத்துக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். மேற்கே போகும் 20ஆம் எண் நெடுஞ்சாலையை எங்கே போடுவது என்று முடிவெடுத்தபோதும், அது இரு இனத்தாருக்கும் நடுவே எல்லையாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் நகரத் திட்டத்தில் இருந்தது.

1962இல் கிளின்டன் வார்னர் என்ற கறுப்பின மருத்துவர் தென்மேற்கே வெள்ளையர் வாழ்ந்த பெய்ட்டன் ஃபாரஸ்ட் பகுதியில் வீடு வாங்கப் போனார். அங்கிருந்தவர்கள் பதறி நகர மன்றத்தை அணுகினார்கள். டிசம்பர் 18 அன்று மேயர் ஐவன் ஆலனின் நிர்வாகம் பெய்ட்டன் ரோட்டிலும் ஹார்லன் ரோட்டிலும் மரமும் இரும்பும் வைத்துக் குறுக்கே தடுப்புப் போட்டது. பொதுச் சாலையில், ஒரு மருத்துவர் வீடு வாங்குவதைத் தடுக்க! அதற்கு முந்தைய ஆண்டுதான் பெர்லினில் சுவர் எழுந்திருந்தது. செய்தித்தாள்கள் இதை அட்லாண்டாவின் பெர்லின் சுவர் என்றன. ‘வெறுக்க நேரமில்லாத நகரம்’ என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஊருக்கு நாடெங்கும் தலைகுனிவு. 1963 மார்ச் 1 அன்று நீதிமன்றம் தடுப்பு செல்லாது என்றதும், காத்திருந்தது போல உடனே அகற்றினார்கள். சில மாதங்களில் பெய்ட்டன் ஃபாரஸ்டின் வெள்ளையர் குடும்பங்கள் பெரும்பாலும் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டன. தடுப்புப் போட்டதைத் தன் பெரிய தவறுகளில் ஒன்றாக ஆலன் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

வேறு ஊர்களில்

எல்லாக் குடியிருப்பும் ஒரே விதமாக எழவில்லை. வெர்ஜினியாவின் ஹாம்ப்டனில் இருக்கும் அபர்தீன் கார்டன்ஸ் 1930களில் மத்திய அரசு பணத்தில் எழுந்தது. வடிவமைத்தவர் ஹில்யார்டு ராபின்சன் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர், கட்டிய தொழிலாளிகளும் கறுப்பினத்தவர், 158 செங்கல் வீடுகள். நியூ ஆர்லியன்ஸின் பான்சார்ட்ரெய்ன் பார்க் 1950களின் நடுவில் நகராட்சியும் வெள்ளைச் செல்வந்தர்களும் சேர்ந்து, கால்ஃப் மைதானத்தைச் சுற்றி அமைத்தது. அதே காலத்து வெள்ளையர் குடியிருப்பு பக்கத்திலேயே, நடுவில் ஒரு கால்வாய். அந்தக் குடியிருப்பில் வாழ்ந்த டச் மோரியல் 1978இல் நியூ ஆர்லியன்ஸின் முதல் கறுப்பின மேயர் ஆனார். 2005இல் கத்ரீனா புயல் வெள்ளம் அங்கே வீடுகளைக் கூரை வரை மூழ்கடித்தது. திரும்பக் கட்ட அரசு கொடுத்த உதவித்தொகை, கட்டும் செலவு அல்லது வீட்டின் பழைய சந்தை மதிப்பு, இரண்டில் குறைந்ததை வைத்துக் கணக்கிட்டது. கறுப்பினத்தவர் பகுதியில் அதே வீட்டுக்கு மதிப்பு குறைவு என்பதால் உதவியும் குறைந்தது. 1930களின் கையேடு 2000களில் திரும்பி வந்து கணக்குப் பார்த்தது போல இருக்கிறது இது.

லாஸ் வேகஸில் 1954 முதல் எழுந்த பெர்க்லி ஸ்கொயரில் 148 வீடுகள். வடிவமைத்தவர் பால் வில்லியம்ஸ். ஹாலிவுட் நட்சத்திரங்களுக்கு மாளிகை வரைந்த கறுப்பினக் கலைஞர். வெள்ளை வாடிக்கையாளர்கள் தன் பக்கத்தில் உட்காரத் தயங்கலாம் என்பதால், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு நேராகத் தெரியும்படி தலைகீழாக வரையப் பழகிக்கொண்டவர். தான் வரைந்த வீடுகள் இருந்த பல பகுதிகளில் அவரே குடியிருக்க முடியாது.

கதவு திறந்த பிறகு

கிங் 1968 ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டார். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 11 அன்று, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்யும் சட்டம் கையெழுத்தானது. பத்திரத்தின் பழைய வரிகள் உயிரிழந்தன. ஆனால் அவை பதிவேடுகளில் இன்னும் எழுத்தாக இருக்கின்றன. வீடு வாங்கும்போது பழைய ஆவணத்தைப் புரட்டி, தன்னை உள்ளே விடக் கூடாது என்று எழுதியிருப்பதைப் படிப்பவர்கள் இன்றும் உண்டு.

சட்டத்தால் பூட்டு திறந்ததே தவிர, அது பூட்டியிருந்த ஆண்டுகளில் சேராமல் போன சொத்து சேர்ந்துவிடவில்லை. அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில் நடுநிலை வெள்ளைக் குடும்பத்தின் (சொத்து வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் குடும்பத்தின்) சொத்து 2,85,000 டாலர், நடுநிலை கறுப்பினக் குடும்பத்தின் சொத்து ஏறக்குறைய 45,000 டாலர். இதில் வீட்டின் பங்கு பெரிது. தாத்தாவுக்கு ஜாமீன் கிடைத்ததா இல்லையா என்பது பேரனின் கல்லூரிக் கட்டணம் வரை வருகிறது.

காலியர் ஹைட்ஸுக்கும் இந்தத் திறப்பு இரு விதமாக வந்தது. அங்கே வளர்ந்த பிள்ளைகளால் இப்போது எங்கு வேண்டுமானாலும் வீடு வாங்க முடிந்தது, பலர் வாங்கிப் போனார்கள். பெற்றோர்கள் அதே வீட்டில் முதுமை எய்தினார்கள். மருத்துவரும் தபால்காரரும் ஒரே தெருவில் இருந்த காலம் மெல்லக் கலைந்தது. 2008இல் வீட்டுக்கடன் நெருக்கடி வந்தபோது அட்லாண்டாவின் மேற்குப் பகுதிகள் கடுமையாக அடிபட்டன.

2009இல் காலியர் ஹைட்ஸ் நாட்டின் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்ந்தது. பொதுவாக 50 வயதாவது ஆன கட்டடங்களுக்குத்தான் அந்த மரியாதை. அங்கிருந்த பல வீடுகள் அந்த வயதை இன்னும் எட்டியிருக்கவில்லை. முதலில் குடிவந்தவர்களில் சிலர் அப்போதும் அதே வீட்டில் இருந்தார்கள். பதிவேட்டில் இடம்பெறுவது கௌரவம்தான், இடிப்பதைத் தடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அதனால் 2013இல் அட்லாண்டா நகராட்சியும் தன் பங்குக்கு அதைப் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதியாக அறிவித்தது. இனி செங்கல் முகப்பையோ சன்னல்களையோ கார் நிறுத்தும் கூரையையோ நினைத்தபடி மாற்ற முடியாது, அனுமதி வேண்டும்.

அந்த விதி வீட்டின் வெளிப்புறத்துக்கு மட்டும்தான். நிலவறையின் ஆடுதரையையும் பான மேடையையும் வைத்துக்கொள்வதும் பெயர்த்தெடுப்பதும் அந்த வீட்டை அடுத்து வாங்குபவர் விருப்பம்.